நரியார் ஓட்டிய விண்கலம்

பல ஆண்டுகளுக்கு முன் வாசித்து மகிழ்ந்த ஒரு நூலை மீண்டும் கையில் எடுக்கும்போது நெஞ்சில் ஓர் அச்சம் எழுவதுண்டு. அன்று நம்மைக் கவர்ந்தது நூலின் சிறப்பா, அன்றி நமது இளமையா என்னும் ஐயமே அந்த அச்சத்துக்குக் காரணம். நெடுங்காலத்தின் பின் பிறந்த ஊருக்குச் செல்பவன், தான் ஓடி விளையாடிய பள்ளிக்கூட மைதானம் இத்துணைச் சிறியதா என்று திகைத்து நிற்பதும் இதனை ஒத்ததே.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நூலும் அன்று, ஊரும் அன்று. ஒரு வீடியோ விளையாட்டு. விளையாட்டைப் பற்றியும் ஒரு பேச்சா என்று முகஞ் சுளிக்கும் பெரியோர் சற்றே பொறுத்தருள வேண்டும். மனிதர் தம் கற்பனையையும் கணித அறிவையும் ஒருங்கே செலவிட்டு ஆக்கிய எப்பொருளும் ஆராயத் தக்கதே என்பது எனது துணிபு.

அவ்விளையாட்டின் பெயர் ஸ்டார் பொக்ஸ். ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ, தனது சூப்பர் பமிகொம் என்னும் வீட்டு விளையாட்டுக் கருவிக்காக 1993ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இதனை வெளியிட்டது. அக்கருவி மேலை நாடுகளில் சூப்பர் நிண்டெண்டோ என வழங்கிற்று. விளையாட்டும் ஐரோப்பாவில் ஸ்டார்விங் என்ற வேறு பெயருடன் விற்கப்பட்டது. கொழும்பில் ஒரு நண்பரின் வீட்டில், மழைக்கால மாலையொன்றில், நான் இதனை முதன்முதலாக விளையாடினேன். அதன்பின் பல்லாண்டுகள் அதனைக் கண்ணாலும் காணவில்லை.

அண்மையில் என் தமக்கையாரின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, 2017ஆம் ஆண்டு நிண்டெண்டோ வெளியிட்ட சிறிய பெட்டியொன்று அங்கே இருக்கக் கண்டேன். பழைய கருவியின் வடிவைக் கையடக்கமாகச் சுருக்கி, பழைய விளையாட்டுகள் இருபதையும், முன்னர் வெளிவராத ஒன்றையும் உள்ளே வைத்துச் செய்த பெட்டி அது. பதினொரு வயதான மருமகன் அதனைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்துவிட்டு, "மாமா, நீங்கள் விளையாடினது எது?" என்று கேட்டான். நான் சுட்டிக் காட்டினேன். திரையில் விண்கலம் எழுந்தது. அவன் ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "உதென்ன மாமா, கடதாசி மடிச்சுச் செய்த ஏரோப்பிளேன் மாதிரிக் கிடக்கு!" என்று சிரித்தான்.

அவன் கூறியது பிழையன்று. அந்த விண்கலம் சில முக்கோணங்களும் நாற்கோணங்களும் சேர்ந்த ஓர் உருவந்தான். மேலே ஒட்டப்பட்ட சித்திர வேலைப்பாடு எதுவும் பெரும்பாலும் இல்லை. வெறும் நிறந் தீட்டிய தட்டைகள். இக்காலத்து விளையாட்டுகளில் இலையின் நரம்பும் நீரின் அலையும் தத்ரூபமாகத் தோன்றக் கண்டு பழகிய சிறுவனுக்கு அது கடதாசி விமானமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கடதாசி விமானத்தைத் திரையில் பறக்கவிடுவதற்கு அன்று எத்துணை முயற்சி வேண்டியிருந்தது என்பதை அவன் அறியான். அக்கதையை அவனுக்குச் சொன்னவாறே உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

விண்வெளிப் போர் விளையாட்டுகளின் வரலாறு 1962ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது எனலாம். அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்பக் கழகத்தில், பீ.டீ.பீ. ஒன்று எனும் பெரிய கணிப்பொறியில், இளைஞர் சிலர் இரு கலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் ஸ்பேஸ்வோர் என்ற விளையாட்டை ஆக்கினர். 1978இல் ஜப்பானியராகிய தொமொஹிரோ நிஷிகாடோ, டைட்டோ நிறுவனத்துக்காக ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற விளையாட்டை அமைத்தார். வானிலிருந்து வரிசை வரிசையாக இறங்கும் பகைவரைக் கீழிருந்து சுட்டு வீழ்த்துவதே அதன் இயல்பு. பகைவர் தொகை குறையக் குறைய எஞ்சியோர் விரைந்து நகர்வர். இதனைக் கண்டோர், ஆட்டக்காரனை அச்சுறுத்த அமைத்த உத்தி இது என்றே கருதினர். உண்மையில், வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததனால் பொறியின் சுமையும் குறைந்தது. ஆதலால் எஞ்சியவை வேகங் கொண்டன. பொறியின் வலுக்குறைவே விளையாட்டின் சுவையாயிற்று. அவ்விளையாட்டு 1980இல் அட்டாரிக் கருவியின் வழியாக வீடுகளுக்குள்ளும் புகுந்தது.

இவையெல்லாம் தட்டையான உலகங்கள். மேலும் கீழும், இடமும் வலமும் உண்டு, ஆழம் இல்லை. சுவரில் மாட்டிய படத்தின்மேல் எறும்பு ஊர்வது போல உருவங்கள் ஊர்ந்தன. சூப்பர் பமிகொம் கருவியும் அத்தகைய தட்டை உலகத்துக்காகவே அமைக்கப்பட்டது. சிறு சிறு சதுர ஓடுகளாகப் படத்தை அடுக்குவதில் அது வல்லது. ஆனால், ஒரு விமானம் நமக்கு முன்னே புறப்பட்டுத் தொலைவுக்குச் சென்று மறைவதைக் காட்டுவது அதற்கு எளிதன்று.

ஏன் எளிதன்று என்பதைச் சுருங்கச் சொல்வேன். புகையிரதத் தண்டவாளத்தின் நடுவே நின்று நோக்கினால், இரு தண்டவாளங்களும் தொலைவில் ஒன்றையொன்று நெருங்குவது போலத் தோன்றும். ஒரு பொருள் இரு மடங்கு தொலைவுக்குச் சென்றால், நடுக்கோட்டிலிருந்து அது விலகித் தோன்றும் அளவு பாதியாகும். எனவே ஆழத்தைக் காட்ட விரும்பும் பொறி, உருவத்தின் ஒவ்வொரு மூலையையும் எடுத்து, அது எத்துணைத் தொலைவில் உள்ளது எனக் கணித்து, அத்தொலைவால் வகுக்க வேண்டும். கலம் திரும்பினால் எல்லா மூலைகளையும் மறுபடி பெருக்கிக் கூட்டிக் கழிக்க வேண்டும். பின்னர் மூலைகளுக்கு இடைப்பட்ட பரப்பைப் புள்ளி புள்ளியாக நிறந் தீட்ட வேண்டும். இவ்வளவையும் ஒரு விநாடிக்குள் பல முறை செய்தாலன்றி அசைவு தோன்றாது. சூப்பர் பமிகொம்மின் மூளையோ, விநாடிக்கு அதிகம் போனால் 35 இலட்சத்து 80 ஆயிரம் முறை துடிப்பது. இப்பணிக்கு அது போதாது.

இவ்விடத்தில் கதை இலண்டனுக்குச் செல்கிறது. ஜெஸ் சான் என்னும் ஆங்கில இளைஞர், பதின்ம வயதிலேயே ஆர்கனோட் என்றொரு சிறு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். 1986இல் அவர் ஆக்கிய ஸ்டார்கிளைடர், கோடுகளால் ஆன உருவங்களைக் கொண்டு ஆழத்தைக் காட்டிய விண்கல விளையாட்டு. அந்நிறுவனத்தில் டிலன் கத்பேர்ட், ஜைல்ஸ் கொடார்ட் முதலிய இளைஞர்கள் சேர்ந்தனர். சட்டைப் பையில் அடங்கும் கேம் போய் கருவியிலேகூட அவர்கள் ஆழமுள்ள உருவங்களைப் பறக்கவிட்டனர். இதனைக் கண்டு வியந்த நிண்டெண்டோ, அவர்களைத் தனது தலைமையகம் அமைந்த கியோட்டோ நகருக்கு அழைத்தது.

1889ஆம் ஆண்டில் மலர்ச் சீட்டுக்கட்டுகள் செய்யும் தொழிலகமாகத் தொடங்கிய பழைமை வாய்ந்த நிறுவனம் நிண்டெண்டோ. அங்கே மூத்தோருக்கு முன் சென்று நின்றவர்கள், இருபது வயதை ஒட்டிய அந்நிய நாட்டு இளைஞர்கள். இப்போதுள்ள கருவியைக் கொண்டு இதற்குமேல் செய்ய இயலாது. ஆனால் புதிய சில்லொன்றை நாங்களே வடிவமைக்க அனுமதித்தால் பன்மடங்கு செய்து காட்டுவோம் என்று ஜெஸ் சான் துணிந்து கூறினார். நிறுவனமும் இசைந்தது. அவ்வாறு பிறந்ததே சூப்பர் எப்.எக்ஸ். என்னும் கணிப்புச் சில்லு. அது கருவியினுள்ளே வைக்கப்படவில்லை. கருவியில் செருகும் காட்ரிட்ஜினுள்ளேயே வைக்கப்பட்டது. விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கோடியே 7 இலட்சம் முறை துடித்த அச்சில்லு, கருவியின் சொந்த மூளையைவிட மூன்று மடங்கு விரைவுள்ளது. விருந்தாளி தன் உணவைத் தானே சமைத்துக் கொண்டுவந்து வீட்டாருக்கும் பரிமாறியது போன்ற செயல் இது.

சில்லு ஆங்கிலேயருடையது, உலகமோ ஜப்பானியருடையது. விளையாட்டின் கற்பனைக்குத் தலைமை தாங்கியவர் ஷிகெரு மியமோட்டோ. கியோட்டோவின் தென்பால் புஷிமி இனாரி என்றொரு தலம் உண்டு. அங்கே மலைப்பாதை நெடுகிலும் செந்நிற வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. இனாரித் தெய்வத்தின் தூதராக நரியை அந்நாட்டார் போற்றுவர். வாயில்களினூடே புகுந்து செல்லும் அனுபவத்தையும், அத்தலத்து நரியையும் மியமோட்டோ தமது விண்வெளிக்குக் கொண்டுவந்தார். விளையாட்டில் கோர்னீரியா நகரின்மேல் பறக்கும்போது வளைவுகளின் கீழ் நுழைந்து செல்லும் இடங்கள் வருகின்றன. தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்து அவற்றில் நுழைந்த நமக்கு, அது மலைக்கோயில் வாயில் என்று யார் சொன்னார்?

இன்னொரு செய்தியும் உண்டு. 1965இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய தண்டர்பேட்ஸ் என்னும் பொம்மலாட்டத் தொடரில் மியமோட்டோவுக்குப் பெருவிருப்பம். அதன் சாயலாலேயே நரி, முயல், பறவை, தவளை ஆகிய நான்கு விமானிகளும் பொம்மைகள்போல் வாயசைத்துப் பேசுகின்றனர். ஆங்கிலப் பொம்மலாட்டம் ஜப்பானியரைக் கவர்ந்தது. ஜப்பானிய நிறுவனம் ஆங்கில இளைஞரை அழைத்தது. ஒருவர் மற்றவரிடம் கடன் பெற்றதை யாரும் இழிவாகக் கருதவில்லை.

இனி, மீண்டும் விளையாடியபோது நான் கண்டவற்றைக் கூறுவேன். மறைத்துப் பேசுவதில் பயனில்லை. குறைகள் பல உள. விநாடிக்கு அறுபது படங்கள் ஓடும் திரைக்குப் பழகிய கண்ணுக்கு, இருபதுக்கும் குறைந்த படங்களே தோன்றும் இந்த ஆட்டம் தட்டித் தடுமாறுவது போலிருக்கிறது. பகைவர் பெருகினால் இன்னும் தளர்கிறது. திரை முழுவதையும் நிரப்ப வலுவில்லாமையால் ஓரங்களில் கரும்பட்டை விடப்பட்டிருக்கிறது. எதிரே வரும் தூண் எத்துணை அண்மையில் உள்ளது என்பதை மதிப்பிட முடியாமல் நான் பலமுறை மோதிச் சிறகை முறித்துக்கொண்டேன். சிறகு முறிந்தால் கலம் பழையபடி பறப்பதில்லை. பெற்றிருந்த இரட்டை ஒளிக்கணையும் போய்விடும்.

எனினும் குறையாதவையும் உள. ஹஜிமெ ஹிரசவாவின் இசை அன்று போலவே இன்றும் நெஞ்சை நிமிர்த்துகிறது. அவ்விசையை ஒலித்த சில்லு, சோனி நிறுவனத்தைச் சேர்ந்த கென் குட்டராகி வடிவமைத்தது. அப்பெயரை நினைவிற் கொள்ளுங்கள். மீண்டும் அவரிடம் வருவேன். மூன்று வழிகளில் ஒன்றைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டு, கோர்னீரியாவிலிருந்து வெனம் என்னும் பகைக்கோள் வரை செல்லும் அமைப்பு இன்றும் அழகாகவே இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பயணம் நிறைவெய்தும். இக்காலத்து விளையாட்டுகள் சில வாரக்கணக்கில் நம்மைக் கட்டிவைப்பதை நோக்க, இச்சுருக்கம் ஒரு பண்பாகவே தோன்றுகிறது.

ஆயினும், நான் முற்றாக மறந்திருந்த ஒன்றே என்னை மிகுதியும் அசைத்தது. தோழர் மூவரும் நம்முடன் பறக்கின்றனர். பெப்பி என்ற முயல், பல்கோ என்ற பறவை, ஸ்லிப்பி என்ற தவளை. இடையிடையே பகைவன் ஒருவன் அவர்களில் ஒருவரைத் துரத்துவான். அவர் உதவி கேட்டுக் குரல் எழுப்புவார். பொருளற்ற கிசுகிசு ஒலிதான் அக்குரல். சொற்கள் எழுத்தில் தோன்றும். துரத்துபவனை நாம் வீழ்த்தினால் நன்றி கூறுவார். வீழ்த்தாது விட்டால் அடிபடுவார். அடிமேல் அடி பட்டால் வீழ்வார். ஒருமுறை வீழ்ந்தவர் அப்பயணத்தில் மீண்டும் வருவதில்லை.

மருமகன் இதனை அறியாமல், புள்ளிகள் பெறுவதிலேயே கண்ணாக விளையாடினான். நான்காம் கட்டத்தில் தவளையார் வீழ்ந்தார். கட்டம் முடிந்து கணக்குக் காட்டும் இடத்தில் தவளையின் இடம் வெறுமையாக இருந்தது.

"தவளை எங்கை மாமா?"

"சுட்டு வீழ்த்திவிட்டார்கள்."

"அடுத்த கட்டத்திலை வருவாரோ?"

"வரமாட்டார்."

அவன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புதிய பெட்டியில், இடைநிறுத்தி வைத்த ஆட்டத்தைச் சற்றுப் பின்னோக்கி ஓட்டிப் பிழையைத் திருத்திக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. பழைய கருவியில் அது இல்லை. எனக்கு அவ்வசதி தெரியும், அவனுக்குத் தெரியாது. சொல்லலாமா என்று நாவெழுந்தது, ஏனோ சொல்லாதிருந்துவிட்டேன். அது சரியா, பிழையா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. அவன் தானாகவே ஆட்டத்தை நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கினான். இம்முறை அவன் விளையாட்டு வேறாக இருந்தது. தன் முன்னே நிற்கும் பகைவனை விட்டுவிட்டு, தோழனைத் துரத்துபவன்மேல் பாய்ந்தான். கட்டந்தோறும் கிடைத்த புள்ளிகள் குறைந்தன. சிறகும் ஒருமுறை முறிந்தது. ஆனால் வெனம் கோளை அடைந்தபோது தோழர் மூவரும் உடன் இருந்தனர். கடதாசி விமானம் என்று சிரித்த வாய், "மூண்டு பேரும் நிக்கினம் மாமா!" என்று ஆர்ப்பரித்தது.

இதன் பின்வந்த ஸ்டார் பொக்ஸ் 64 என்னும் விளையாட்டு 1997இல் வெளியாயிற்று. அதில் பாத்திரங்கள் மனிதக் குரலிலேயே பேசுகின்றனர். அடிபட்டால் கையிலுள்ள பிடி அதிரும்படியும் செய்தனர். ஆட்டமும் தடையின்றி ஓடுகிறது. அதில் வீழும் தோழர் ஒரு கட்டம் மட்டும் ஓய்வெடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவார். பலர் அதுவே சிறந்ததென்பர். பல வகையில் அது உண்மை. ஆயினும், திரும்பி வராத தவளையே எங்கள் வீட்டுச் சிறுவனுக்குக் கற்பித்தது.

இனி, வெளிவராத விளையாட்டு ஒன்று பெட்டியில் இருந்ததெனக் கூறினேன் அல்லவா? அது ஸ்டார் பொக்ஸ் இரண்டு. முதல் விளையாட்டின் வெற்றிக்குப் பின் அதே குழுவினர் அதனை ஆக்கினர். டிலன் கத்பேர்ட் அதன் கணிநிரலுக்குத் தலைமை தாங்கினார். விரும்பிய திசையெல்லாம் திரும்பிப் பறக்கவும், கலமே கால் முளைத்து நடக்கவும் வல்லதாக அதனைச் செய்தனர். 1995 அளவில் வேலை நிறைவெய்தியது. ஆனால் வெளியீடு கைவிடப்பட்டது. காரணம் யாதெனில், அதற்குள் காலம் மாறிவிட்டது. 1994இல் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் என்னும் கருவியை வெளியிட்டு, ஆழமுள்ள உருவங்களை எளிதாகவும் விரைவாகவும் காட்டிற்று. அக்கருவியின் தந்தை வேறு யாருமல்லர். ஸ்டார் பொக்ஸின் இசை ஒலித்த சில்லை வடிவமைத்த அதே கென் குட்டராகிதான். நிண்டெண்டோவின் புதிய கருவியும் 1996இல் வரவிருந்தது. இந்நிலையில் பழைய கருவியில் ஆழங் காட்டும் விளையாட்டை விற்பது பொருந்தாதென நிறுவனம் முடிவு செய்தது.

நேயர்களே, ஈராண்டு உழைத்து முடித்த ஒன்று பெட்டியில் வைத்துப் பூட்டப்படுவது எத்தகைய துயரம் என்பதை, எழுதிய நூல் அச்சேறாதிருக்கக் கண்டவர்களும், கட்டிய வீட்டில் குடியேறாது ஊரைவிட்டுச் சென்றவர்களும் அறிவர். அதன் கருத்துகள் சில 1997இன் விளையாட்டில் இடம்பெற்றன. அது ஓர் ஆறுதல். கத்பேர்ட் பிற்காலத்தில் கியோட்டோவிலேயே தமது நிறுவனத்தை அமைத்து, 2006இல் வெளியான ஸ்டார் பொக்ஸ் கொமாண்ட் என்ற விளையாட்டை ஆக்கினார். ஆர்கனோட் 2004இல் மூடப்பட்டது. ஸ்டார் பொக்ஸ் இரண்டோ, இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்து, 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் அந்தச் சிறு பெட்டியினுள் முதன்முறையாக முறைப்படி வெளிவந்தது.

அதிலும் ஒரு நயம் உண்டு. அப்பெட்டியில் இரண்டாம் விளையாட்டு முதலில் பூட்டப்பட்டே இருக்கும். பழைய ஸ்டார் பொக்ஸின் முதற் கட்டத்தை விளையாடி முடித்தவருக்கே அது திறக்கும். மூத்தவரை வணங்கிய பின்னரே இளையவரைக் காணலாம் என்று வைத்த முறைமை போலும்! அன்றிரவு எங்கள் வீட்டிலும் அது திறந்தது. உழைத்தவர்கள் இளமை கடந்த பின்னர், அவர்களை அறியாத ஒரு சிறுவன் அவர்களது உழைப்பைத் தன் இரு கைகளிலும் ஏந்தி விளையாடினான்.

தொடக்கத்தில் சொன்ன அச்சத்துக்கு விடை கூற வேண்டும். அன்று என்னைக் கவர்ந்தது விளையாட்டின் சிறப்பா, எனது இளமையா? முக்கோணங்களின் புதுமை எனது இளமையோடு போய்விட்டது. அதனை இனி யாரும் மீட்டுத் தர முடியாது. ஆனால் உதவி கேட்கும் தோழனின் குரலுக்குச் செவி சாய்ப்பதா, முன்னே தெரியும் ஆதாயத்தை நாடுவதா என்னும் கேள்வியை, இளமையே இல்லாத என்னிடமும், இளமை முழுவதும் எஞ்சியிருக்கும் மருமகனிடமும் அந்த விளையாட்டு ஒரே விதமாகக் கேட்டது. சில தட்டைகளும் ஒரு கிசுகிசு ஒலியும் கொண்டு இத்தனை ஆண்டுகளின் பின்னும் அதனைக் கேட்க முடிகிறதென்றால், அவ்விளைஞர்களின் உழைப்பு வீண்போகவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய பழைய பெட்டியொன்று தூசி படிந்து கிடக்கலாம். விடுமுறை நாளொன்றில் அதனை இறக்கித் துடைத்து, ஒரு பிள்ளையை அருகில் இருத்திக்கொள்ளுங்கள். தோழர்களைக் காக்கும் பொறுப்பை அப்பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.